மாத்தளையின் மூன்று வரிசைகள்
கணனியியலின் சில அடிப்படைக் கருத்துக்களை ஈழத்து வரலாற்றில் வைத்து நோக்கும் ஒரு முயற்சி

1. நோக்கம்

கணனியியலைக் கற்கப் புகும் மாணவர் முதலாண்டிலேயே மூன்று செய்திகளை எதிர்கொள்கின்றனர். தரவுகளை ஒன்றன்பின் ஒன்றாக நிரைப்படுத்தும் நேர்கோட்டு அமைப்புக்கள் ஒன்று. ஒரு செயல்முறை தன்னைத் தானே மீண்டும் அழைத்துக்கொள்ளும் மீளழைப்பு மற்றொன்று. தரவு பெருகப் பெருக வேலை எவ்வாறு பெருகும் என்பதை அளக்கும் சிக்கலளவு மூன்றாவது. இவை மேனாட்டு ஆய்வுகூடங்களில் இந்நூற்றாண்டுக்குச் சற்று முன்னர் தோன்றியவை என்றும், நம் மண்ணின் வாழ்வோடு எவ்விதத் தொடர்பும் இல்லாதவை என்றும் எண்ணும் வழக்கம் நம்மிடையே உண்டு.

இதற்கு நேர்மாறாக, முன்னோர் யாவற்றையும் அறிந்திருந்தனர் எனப் பெருமை பேசும் வழக்கமும் உண்டு. இவ்விரண்டையும் நாம் ஏற்கவில்லை. மேற்குறித்த கருத்துக்களை வரையறுத்துக் கணிதமாக்கியது நவீன அறிவியலே. ஆயின், அவை குறிக்கும் சிக்கல்கள் பழையவை. பெருந்தொகையான செய்தியை எவ்வாறு ஒழுங்குபடுத்துவது, எவ்வாறு தேடுவது, ஒரு கண்ணி அறுந்தால் யாது நிகழும் என்ற வினாக்களை மனிதர் கணனிக்கு முன்னரே எதிர்கொண்டுள்ளனர். அவ்வினாக்களுக்கு யார் விடை கூறினர், அவ்விடையால் யார் பயன்பெற்றனர், யார் வருந்தினர் என்பது வரலாற்றாய்வாளனுக்கு உரிய பொருள். இலங்கையின் மாத்தளை மாவட்டம் இவ்வாய்வுக்கு மூன்று சான்றுகளைத் தருகின்றது. முதலாவது நினைவின் வரிசை. இரண்டாவது கடனின் வரிசை. மூன்றாவது குடியுரிமையின் வரிசை.

2. அளுவிகாரை: நினைவிலிருந்து ஏட்டுக்கு

மாத்தளை நகருக்கு வடக்கே ஏறத்தாழ 3 கிலோமீற்றர் தொலைவில், யாழ்ப்பாணம் செல்லும் பெருவீதியின் ஓரத்தில் அளுவிகாரைக் குகைகள் உள்ளன. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் என்னும் வலகம்பா மன்னன் காலத்தில், பாளித் திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்ட இடம் இதுவே என்பது மரபு. அதுகாறும் வாய்மொழியாக வந்த மூன்று பிடகங்களும் உரைகளும் அம்மன்னன் காலத்தில் நூலாக எழுதப்பட்டன என மகாவம்சம் கூறும். அளுவிகாரை என இடத்தைச் சுட்டுவது பிற்கால மரபாகும்.

எழுத்தின்றி இத்துணைப் பெரிய நூற்றொகுதி எவ்வாறு பேணப்பட்டது? விடை, அதன் அமைப்பிலேயே உள்ளது. தீக நிகாயத்தின் 34 சுத்தங்களை ஓதுவோர் தனியொரு குழு. மச்சிம நிகாயத்தின் 152 சுத்தங்களை ஓதுவோர் வேறொரு குழு. இவர்களைப் பாணகர் என்பர். அங்குத்தர நிகாயம் ஒன்று முதல் பதினொன்று வரை எண்ணேறு வரிசையில் அமைந்தது: ஒரு பொருள் பற்றியவை முதலிலும், இரு பொருள் பற்றியவை அடுத்தும் என அவ்வாறே செல்லும். சுத்தங்கள் பெரும்பாலும் பத்துப் பத்தாக வர்க்கங்களாய்த் தொகுக்கப்பட்டன. ஒவ்வொரு வர்க்கத்தின் இறுதியிலும் அதிலடங்கிய சுத்தங்களின் பெயர்களைக் கோத்த 'உத்தானம்' என்னும் செய்யுள் நிற்கும். ஒரு சுத்தம் விடுபட்டாலோ இடம் மாறினாலோ உத்தானம் அதனைக் காட்டிக்கொடுக்கும். இன்று கணனித் தரவுத் தொகுதியில் அகரவரிசையும் சரிபார்ப்புக் குறியும் செய்யும் பணி இது.

மீண்டும் மீண்டும் வரும் பகுதிகளைச் சுருக்கி 'பெய்யாலம்' என்னும் குறியால் உணர்த்தும் மரபும் ஈண்டு நோக்கற்குரியது. ஒரு வாய்பாட்டை ஒருமுறை கூறி, மாறும் சொல்லை மட்டும் பின்னர் இட்டு நிரப்பச் செய்யும் இம்முறை, ஒருமுறை வரையறுத்த செயல்முறையை வெவ்வேறு உள்ளீடுகளுடன் அழைப்பதற்கு ஒப்பானது.

தொடுப்புப் பட்டியல் என நாம் இன்று வழங்கும் அமைப்புக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு சார்பிற்றோற்றம் ஆகும். பேதைமை தொடங்கி வினைப்பயன் ஈறாகப் பன்னிரண்டு சார்புகளை மணிமேகலையின் இறுதிக் காதை விரித்துரைக்கின்றது. இவற்றுள் ஒவ்வொன்றும் தனக்கு முன்னுள்ளதைச் சார்ந்து தோன்றும். வேட்கையினின்று பற்று, பற்றினின்று பவம் எனச் சங்கிலி நீளும். தோற்றத்தை முன்னோக்கியும், அழிவை அதே கண்ணிகள் வழியாகவும் கூறுவது அம்மரபு. முதற்கண்ணி அறுந்தால் ஏனையவை யாவும் அறும் என்பதே அதன் தத்துவம். இக்கூற்றை நாம் பின்னர் மீண்டும் நோக்குவோம்.

அடுக்கு என்னும் அமைப்பும் இம்மரபில் உண்டு. சாதகக் கதையொன்று நிகழ்காலச் செய்தியில் தொடங்கும். அதனை இடைநிறுத்தி முற்பிறப்புக் கதைக்குச் செல்லும். அது முடிந்ததும் நிகழ்காலத்துக்கு மீண்டு, அன்றைய மாந்தரே இன்றைய மாந்தர் எனப் பொருத்திக் காட்டும். இறுதியாக நிறுத்தியதை முதலில் மீட்டெடுக்கும் ஒழுங்கு இது. கதைக்குள் கதை புகுந்தால் நினைவில் வைக்க வேண்டிய நிறுத்தங்கள் பெருகும். அலன் டியூறிங் 1945ஆம் ஆண்டின் இறுதியில் எழுதிய கணனித் திட்டத்தில், துணைச் செயல்முறைக்குச் செல்லுமுன் திரும்ப வேண்டிய இடத்தைப் 'புதைத்து' வைத்துப் பின்னர் 'தோண்டி எடுக்கும்' முறையைக் கூறினார். பாணகர் நினைவில் செய்ததை அவர் பொறியில் செய்யவைத்தார் எனலாம்.

3. கண்ணி அறுந்த காலம்

இவ்வமைப்பு எத்துணைச் சீரியதாயினும் அது மனித உடலைச் சார்ந்தது. பாணகரின் உடல் உழவரின் உணவைச் சார்ந்தது. வட்டகாமணி காலத்தில் உரோகணத்தைச் சேர்ந்த திஸ்ஸன் என்னும் பிராமணன் கலகம் செய்தான். அதே வேளையில் தமிழ்த் தலைவர் எழுவர் மாதோட்டத்தில் வந்திறங்கினர். அவர்களுள் ஐவர் அனுராதபுரத்தில் 14 ஆண்டுகளும் 7 மாதங்களும் ஆண்டனர் என்பது மகாவம்சக் கணக்கு. அக்காலத்தில் கடும்பஞ்சம் நிலவியது; துறவிகள் பலர் மடிந்தனர், பலர் கடல் கடந்தனர். மகாநித்தேசம் என்னும் நூலை முழுமையாக அறிந்தவர் ஒரேயொரு துறவியே என்ற நிலை ஒருகாலத்தில் ஏற்பட்டதை விநய உரை பதிவுசெய்துள்ளது. அத்துறவி ஒழுக்கங்கெட்டவராயிருந்தும், நூல் அழியலாகாது எனக் கருதி மகாரக்கித தேரர் அவரிடம் பாடங்கேட்டார். ஒரே பிரதியைக் கொண்ட தரவின் இடர் இதனினும் தெளிவாக எங்கும் சொல்லப்படவில்லை.

பஞ்சத்தின் பின்னர், சாசனத்தின் வேர் கல்வியா, ஒழுக்கமா என்ற வாதம் எழுந்தது. கல்வியே வேர் எனக் கொண்டோர் வென்றனர். ஏட்டில் எழுதும் முடிபு இச்சூழலில் எழுந்ததாகும். மன்னனின் ஆதரவு அவன் நிறுவிய அபயகிரிக்குச் சென்றமையும், மகாவிகாரையினர் தலைநகரைவிட்டு விலகி மலைநாட்டை நாடியமைக்கு ஒரு காரணமாகலாம் என ஆய்வாளர் கருதுவர். எனவே, தமிழர் படையெடுப்பிலிருந்து தருமத்தைக் காக்கவே ஏடெழுதப்பட்டது எனும் ஒற்றைக் காரணம் வரலாற்றுக்குப் பொருந்தாது. பஞ்சம், உள்நாட்டுக் கலகம், சங்கப் பிளவு ஆகியவை யாவும் அதில் பங்குகொண்டன. பிற்காலத்தில் அப்பாளி நூல்களுக்கு உரையும் விளக்கமும் கண்டோருள் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து எழுதிய புத்ததத்தரும், தென்னகத்துப் பதரதித்தத்தில் வாழ்ந்த தம்மபாலரும் உள்ளனர் என்பதும் மறக்கற்பாலதன்று.

ஏடு தேடலின் இயல்பையே மாற்றியது. ஓதுபவர் இடையிலுள்ள பகுதியை அடையப் பெரும்பாலும் தொடக்கத்திலிருந்தே ஓதிவரல் வேண்டும். ஆயிரம் அலகுகளில் ஒன்றை அடையச் சராசரியாக ஐந்நூறு அலகுகளைக் கடக்க நேரிடும். தாளிப்பனையின் ஓலையைப் பதப்படுத்தி, எழுத்தாணியாற் கீறி, துளையிட்டுக் கயிற்றிற் கோத்த சுவடியில் ஓலைகளுக்கு வரிசைக் குறி உண்டு. நடுவிற் பிரித்து நோக்கி, வேண்டிய ஓலை முற்பாதியிலா பிற்பாதியிலா என அறிந்து, அப்பாதியை மீண்டும் பாதியாக்கினால், ஆயிரம் ஓலைகளிற் பத்துத் தடவைக்குள் வேண்டியது கிட்டும். ஓலை இரட்டித்தால் ஒரேயொரு தடவை மட்டுமே கூடும். 'பாதியை மீண்டும் அதே முறைப்படி தேடு' என்பதே மீளழைப்பின் எளிய வடிவம். ஓலை ஒன்றே எஞ்சும்போது நிற்பது அதன் முடிவு நிபந்தனை.

எல்லா மீளழைப்பும் இவ்வாறு சிக்கனமானதன்று. பிரெஞ்சுக் கணிதர் எதுவார் லூக்காஸ் 1883இல் வெளியிட்ட கோபுரப் புதிரில் வட்டுக்களை ஒரு முளையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றல் வேண்டும். 10 வட்டுக்களுக்கு 1,023 நகர்வுகள். 20 வட்டுக்களுக்கு 10,48,575. வட்டு ஒன்று கூடினால் வேலை ஏறத்தாழ இரட்டிக்கும். காசியிற் பிராமணர் 64 பொன் வட்டுக்களை நகர்த்திவருகின்றனர் என்று அப்புதிரோடு பரவிய கதை புனைவே. மீளழைப்பு வேலையைப் பாதியாக்கவும் கூடும், இரட்டிப்பாக்கவும் கூடும். எதனை எத்தனை தடவை அழைக்கிறோம் என்பதே அதனைத் தீர்மானிக்கும்.

ஏடும் அழியாததன்று. 1848ஆம் ஆண்டு யூலையில் கொங்காலேகொட பண்டா தம்புள்ளையில் முடிசூட்டப்பட்டார். அவரது படையினர் மாத்தளையில் அரச அலுவலகங்களைத் தாக்கி வரிப்பதிவேடுகளை அழித்தனர். அக்கிளர்ச்சியை ஆங்கில ஆட்சி அடக்கிய வேளையில் அளுவிகாரையின் ஏட்டுத் தொகுதியும் அழிவுற்றது. ஆயின் திரிபிடகம் அழியவில்லை. அதற்கு முன்னரே அது பல நாடுகளிற் பல பிரதிகளாய்ப் பரவியிருந்தது. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி இரவு தீக்கிரையாக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் இருந்தன. அங்கிருந்த சுவடிகளுள் மறுபிரதி இல்லாதவை மீளவில்லை. பிரதி செய்தல் ஒரு தொழில்நுட்பச் செயல் மட்டுமன்று என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் உணர்த்துகின்றன.

4. வடபாதை: கடனின் வரிசை

அளுவிகாரையைக் கடந்து செல்லும் அதே திசையில், 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்துக் கூலித் தொழிலாளர் மாத்தளையை நோக்கி நடந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, நூறு மைலுக்கு மேற்பட்ட காட்டுவழியைக் கடந்து, தம்புள்ளை வழியாகக் கோப்பித் தோட்டங்களை அடைந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியில் இறந்தோர் பலர். மாத்தளைக்கு இருப்புப்பாதை வந்தது 1880இலேயே. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, ஆண்டு முழுவதும் ஆள்வேண்டும் தேயிலை அதனிடத்தைப் பிடித்தது. பருவத்துக்கு வந்து சென்றோர் லயங்களிற் குடியமர்ந்தனர்.

தோட்டம் ஒரு வரிசையமைப்பு. விடியலிற் பெரட்டுக் களத்தில் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாய் அழைக்கப்படும். செக்ரோலில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வரி, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம். கணனியியலார் அணி என வழங்கும் அமைப்பு இதுவே: வரியும் நாளும் தெரிந்தால் ஒரே நோக்கில் செய்தி கிட்டும். 1901 முதல் தமிழகத்தில் ஆள்சேர்க்கும்போதே எண்ணிட்ட தகரவில்லை ஒன்று தொழிலாளியிடம் கொடுக்கப்பட்டது. தோட்டத்தையும் தொடரெண்ணையும் அது குறித்தது. மனிதன் ஒரு முகவரியானான். துரைக்கு அவனைக் கண்டுபிடிக்கும் செலவு மிகக் குறைந்தது; அவன் தன் கணக்கைக் கண்டுபிடிக்கும் செலவோ குறையவேயில்லை.

ஏனெனில், கடன் வேறோர் அமைப்பில் இருந்தது. துரை பெரிய கங்காணிக்கு முற்பணம் கொடுத்தார். பெரிய கங்காணி சில்லறைக் கங்காணிக்குக் கொடுத்தார். அவர் தொழிலாளிக்குக் கொடுத்தார். ஒவ்வொரு படியிலும் அதே செயல்: மேலிருந்து கடன் பெறு, கீழே கடன் கொடு. பணம் மேலிருந்து கீழிறங்கியது. உழைப்பும் பொறுப்பும் கீழிருந்து மேலேறின. கடனாளியாகும் இறுதி மனிதனுக்குக் கீழே அழைப்பதற்கு யாரும் இல்லை. அவனே அம்மீளழைப்பின் முடிவு நிபந்தனை. அவனது உழைப்பிலேயே மேலுள்ள அழைப்புக்கள் யாவும் தீர்க்கப்பட்டன.

தோட்டம் மாறுவதற்குத் துண்டு வேண்டும். இன்ன தொகையைச் செலுத்தினால் இக்கங்காணியையும் அவனது ஆட்களையும் விடுவிப்பேன் எனத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. புதிய தோட்டத்துத் துரை அத்தொகையைச் செலுத்துவார். அது புதிய தோட்டத்திற் கடனாகப் பதியும். அடுத்த துண்டில், பழைய தொகையோடு புதிய முற்பணமும் சேரும். இன்றைய கடன் யாது எனின், நேற்றைய கடனும் புதிய முற்பணமும். நேற்றைய கடன் யாது எனின், அதற்கு முந்திய கடனும் அன்றைய முற்பணமும். தன் கடன் எங்கே தொடங்கியது என அறிய விரும்பும் தொழிலாளி, துண்டுகளின் சங்கிலியைக் கண்ணி கண்ணியாகப் பின்னோக்கிச் செல்லல் வேண்டும். அத்துண்டுகளோ அவன் கையில் இல்லை. தொடுப்புப் பட்டியலில் முதற்சுட்டியை வைத்திருப்பவனே பட்டியலுக்கு உரியவன் என்பது நிரலாக்கத்தின் அரிச்சுவடி. தோட்டத்திலும் அதுவே விதியாயிற்று.

1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் மாதக் கூலிக்கணக்கை ஒழுங்குபடுத்தியது. ஆயினும் துண்டு தொடர்ந்தது. சேர் பொன்னம்பலம் அருணாசலம் முதலியோர் தொழிலாளர் நலனுக்காக எழுப்பிய குரலும், இந்திய அரசின் அழுத்தமும் சேர, 1921இல் துண்டுமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. சங்கிலி அறுந்தது; கணக்குப் புத்தகமோ துரைமாரின் மேசையிலேயே இருந்தது.

5. குடியுரிமை: மீளழைப்பாய் அமைந்த சட்டம்

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தை ஒரு நெறிமுறையாக வாசிப்போமாயின் அதன் வடிவம் தெளிவாகும். அவ்வாண்டு நவம்பர் 15ஆம் திகதிக்குப் பின்னர் இலங்கையிற் பிறந்தவர், பிறந்த வேளையில் தம் தந்தை இலங்கைக் குடியாயிருப்பின் வழிமுறைக் குடியாவார். தந்தை குடியா என அறிய, அதே வினாவை அவர்மீது எழுப்பல் வேண்டும். இது தூய மீளழைப்பு. அத்திகதிக்கு முன்னர் இலங்கையிற் பிறந்தவருக்கு முடிவு நிபந்தனை தரப்பட்டது: தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும், அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும்.

இந்நிபந்தனையை நிறுவுவது எவ்வாறு? பிறப்புப் பதிவு 1867 முதல் சட்டத்தில் இருந்தபோதிலும், பதியப்படாத பிறப்புக்கள் பல. 1948இல் ஐம்பது வயதான தொழிலாளியின் தந்தை கோப்பிக் காலத்தவர். வடபாதையில் வந்து சென்றவர். பதிவிருப்பினும், பதிவேடுகள் பிரிவுவாரியாகக் கால ஒழுங்கில் அமைந்தவை. பிறந்த நாள் அறியாதவருக்கு அவற்றிற் பெயரைத் தேடுவது ஏடு ஏடாகப் புரட்டும் நேர்கோட்டுத் தேடலே. பாதி பாதியாகத் தேடும் சலுகை, நாளை அறிந்தவருக்கே உரியது. சிங்களக் கிராமத்தவரிடமும் இத்தகைய சான்றுகள் பெரும்பாலும் இல்லை. ஆயின் அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. சட்டத்தின் சொற்கள் அனைவர்க்கும் பொது. அதனை இயக்கும் செலவு ஒரு சாராருக்கே உரியதாயிற்று.

மற்றொன்றும் கூறற்பாலது. ஒருவருக்கு மூன்று தலைமுறையில் பெற்றோர் 2, பாட்டன் பாட்டியர் 4, அவர்தம் பெற்றோர் 8 என 14 முன்னோர் உளர். முறையான மணத்திற் பிறந்தவரைப் பொறுத்தவரை, சட்டம் நோக்கியது தந்தைவழி ஆடவர் மூவரை மட்டுமே. கொழுந்தெடுத்துத் தோட்டத்தைத் தாங்கிய பெண்ணின் பிறப்பு, அவளது பிள்ளையின் உரிமைக் கணக்கில் இடம்பெறவில்லை. தாய்வழியையும் ஏற்கும் திருத்தம் 2003இலேயே வந்தது.

முடிவு நிபந்தனை 'இல்லை' என விடை தருமாயின், அதன்மேல் எழும் அழைப்புக்கள் யாவும் 'இல்லை' என்றே மீளும். தந்தையின் ஒரு தாள் இல்லாமையால் மகன் நாடற்றவன். மகன் நாடற்றவனாதலால் பேரன் நாடற்றவன். சார்பிற்றோற்றத்தின் சங்கிலி இங்கு வேறு முகத்தோடு எதிர்ப்படுகின்றது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் 8 இலட்சத்துக்கு மேற்பட்டோர்க்காக விண்ணப்பிக்கப்பட்டது. குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். மாத்தளைத் தோட்டங்களிலும் குடும்பங்கள் இவ்வாறு இரு பட்டியல்களாயின.

1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டமும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் செய்தது யாது? மீளழைப்பின் முடிவு நிபந்தனையை மாற்றின. 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வாழ்ந்துவரும் இந்திய வம்சாவளியினரும் அவர்தம் வழித்தோன்றல்களும் குடியுரிமைக்குரியர் எனப் பின்னைய சட்டம் கூறிற்று. பூட்டனின் பிறப்பைத் தேடும் பின்னோக்கிய பயணம் தேவையற்றதாயிற்று. 55 ஆண்டுகள் விடைதராத வினா, நிபந்தனை மாறியதும் விடைபெற்றது. அந்நிபந்தனையும் மனிதர் எழுதியதே. போராடியோரின் உழைப்பால் மாறியதே.

6. முடிவுரை

மேற்கூறியவற்றால் சில முடிபுகளுக்கு வரலாம். நேர்கோட்டு அமைப்புக்கள் நடுநிலையானவை போலத் தோன்றினும், அவற்றின் தலைப்பை யார் வைத்துள்ளார், எவ்வழியாகக் கடக்கலாம் என்பவை சமுதாய உறவுகளால் தீர்மானிக்கப்படுகின்றன. சிக்கலளவு பொறியின் செலவை மட்டுமன்றி மனிதரின் செலவையும் அளக்க உதவும். ஒரே வினா ஒருவருக்குப் பத்துப் படியிலும் மற்றொருவருக்கு ஆயிரம் படியிலும் விடை தருமாயின் அங்கு சமத்துவம் இல்லை. மீளழைப்பின் விதியை நோக்கும்போது அதன் முடிவு நிபந்தனையை முதலில் வினவுதல் வேண்டும்.

இன்று நலத்திட்டப் பட்டியல்களும் அடையாள எண்களும் கணனிகளில் ஏறுகின்றன. அந்நிரல்களை எழுதப்போகும் நம் மாணவர் காசிக் கோபுரத்தோடு மாத்தளைத் துண்டையும் கற்றல் நன்று. தோட்டங்களில் எஞ்சியுள்ள செக்ரோல்களும் கணக்கேடுகளும், விகாரைகளிலும் இல்லங்களிலும் உள்ள சுவடிகளும் காலத்தால் அழியுமுன் பிரதிசெய்யப்படல் வேண்டும். ஒரே துறவியின் நினைவில் தங்கிநின்ற மகாநித்தேசத்தின் நிலை அவற்றுக்கு நேராதிருக்க, இப்பணியைப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் தம் கடமைகளுள் ஒன்றாக மேற்கொள்ளுமாக.